சரித்திரச் சான்று

தில்லியில் ஒரு பல்கலைக்கழக வளாகம். அங்குள்ள பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில், ஜூலை மாத மாலை ஒன்றில், அந்தப் பெண்மணி நான்காக மடித்த தாள் ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டவர் அதே வளாகத்தில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தமிழ்நாட்டு மாணவி. மூன்றரை வயது மகளை அழைத்துப்போக வந்திருந்தார். ஒன்பது ஆண்டுகளாக அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மணியைச் சிறியவரும் பெரியவரும் ‘மௌசி’ என்றே அழைப்பர். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் இந்திச் சொல் அது. “பிட்டியா, இதை நீயே நிரப்பிக் கொடு. நான் எழுதி ஒரு எழுத்து பிசகினாலும் கேள்வி என்னிடம்தான் வரும்” என்றார் மௌசி. மகளைப் போன்றவளை அழைக்கும் அந்தச் சொல்லை அவர் எல்லா இளம் தாய்மாரிடமும் வழங்குவார்.

தாளின் தலைப்பு ‘சரித்ர சத்யாபன்’ என்றிருந்தது. ஏழாண்டுகளாக இந்தி பேசும் நகரில் வாழ்ந்தும், மாணவியின் கண் முதலில் தமிழாகவே வாசித்தது: சரித்திரச் சரிபார்ப்பு. மறுகணம்தான் இந்திப் பொருள் நினைவுக்கு வந்தது. இந்தியில் அச்சொல் நடத்தையை, குணத்தைச் சுட்டும். தமிழிலோ சரித்திரம் என்றால் வரலாறு. செல்லுதல், இயங்குதல் என்னும் பொருளுடைய ஒரே வடமொழி வேரிலிருந்து கிளைத்த சொல், ஒரு மொழியில் மனிதரின் ஒழுகலாறாகவும் மற்றொன்றில் கடந்துபோனவற்றின் கதையாகவும் நின்றுவிட்டது. தமிழின் சொந்தச் சொற்களும் இவ்வகையில் வேறானவை அல்ல. நடத்தை ‘நட’ என்பதிலிருந்து வந்தது. ஒழுக்கம் ‘ஒழுகு’ என்பதிலிருந்து வந்தது. குணத்தை இயக்கமாகவே இம்மொழிகள் கண்டிருக்கின்றன. ஆனால் காவல் நிலையம் தன் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரக்கூடியது தமிழ்ப் பொருளிலான சரித்திரம் மட்டுமே. தலைப்பு இந்தியில் ஒன்றை வாக்களிக்க, உள்ளடக்கம் தமிழில் வேறொன்றைத் தந்துகொண்டிருந்தது.

இருவரும் வேப்பமரத்தடித் திண்ணையில் அமர்ந்து நிரப்பத் தொடங்கினர். பெயர், தந்தை பெயர், கணவர் பெயர், நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, அடையாளத் தழும்புகள். பெயருக்கு அடுத்த கட்டத்தில் ‘உர்ஃப்’ என்றிருந்தது. ‘என்கிற’ என்று தமிழ்ச் செய்தித்தாள்கள் குற்றவாளிகளின் பெயர்களுக்கு நடுவே எழுதுவதற்கு நிகரானது. அரபியில் அதன் மூலச் சொல்லுக்கு வழக்கம், பலரும் அறிந்தது என்று பொருள். மௌசிக்குக் காப்பகம் அறிந்த பெயர் ஒன்று. பிறந்த வீட்டுப் பெயர் ஒன்று. பள்ளியில் ஆசிரியர் சூட்டிய பெயர் ஒன்று. எதை எழுதுவது என்று கேட்டபோது, “அட்டையில் என்ன இருக்கிறதோ அது” என்றார். ஆனால் இரண்டு அட்டைகளில் இரண்டு விதமாக இருந்தது.

மௌசி ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தைச் சேர்ந்த சந்தால் பெண். அம்மக்களிடையே பரவலான குடிப்பெயர் ஒன்று ஜார்க்கண்டில் ‘சோரேன்’ என்றும் மேற்கு வங்கத்தில் ‘சாரேன்’ என்றும் எழுதப்படும். அவருடைய வாக்காளர் அட்டை ஒரு வடிவத்தையும், சிறுவயதில் எல்லை கடந்து படித்த பள்ளியின் சான்றிதழ் மற்றொரு வடிவத்தையும் தாங்கியிருந்தன. சந்தாலி மொழிக்கு 1925இல் ரகுநாத் முர்மு வகுத்த ஒல் சிக்கி எழுத்து உண்டு. 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் அம்மொழி எட்டாம் அட்டவணையிலும் இடம்பெற்றது. எனினும் அதைப் பேசுவோரின் பெயர் நாகரியிலும் வங்க எழுத்திலும் உரோமன் எழுத்திலுமாகக் கைமாறிக் கைமாறித்தான் அரசின் ஏடுகளை அடைகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஓர் உயிரெழுத்து நழுவிவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று மாணவி அப்போது நினைத்தார். பின்னர் அந்த நினைப்புக்காக நாணினார்.

அத்தாள் அந்த வாசலுக்கு வந்துசேர்ந்ததில் அநீதி ஏதும் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012இல் நடைமுறைக்கு வந்தது. 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் பணியாளர் ஒவ்வொருவர் குறித்தும் காவல்துறைச் சரிபார்ப்பையும் பின்னணி விசாரணையையும் குறித்த இடைவெளிகளில் செய்தாக வேண்டும் என்கின்றன. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் எதுவும் விலக்கல்ல. ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடும் இல்லை. மகளை முதன்முதலாக அங்கே விட்டுச்சென்ற நாளில், “இங்கே வேலை செய்பவர்களை விசாரித்துத்தான் சேர்த்தீர்களா?” என்று பொறுப்பாளரிடம் கேட்டவரும் இதே மாணவிதான். பேசத் தெரியாத உயிரைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு நூலகத்துக்குப் போகும் எந்தத் தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது; கேட்கவேண்டிய கேள்வியும்கூட.

அவருக்கு உறுத்தியது பட்டியல். காப்பக அலுவலகம் ஒட்டியிருந்த அறிவிப்பில் நான்கு பேருக்கு மட்டுமே படிவம் என்றிருந்தது. மௌசி, உதவியாளர், துப்புரவுப் பணியாளர், வாயிற்காவலர். சனிக்கிழமைகளில் கதை சொல்ல வரும் தன்னார்வல ஆய்வு மாணவரின் பெயர் இல்லை. குழந்தைகளைப் படமெடுக்க வருபவர், மாதம் ஒருமுறை இசை கற்பிக்கும் பேராசிரியர், எந்நேரமும் உள்ளே வந்துபோகும் மேலாண்மைக் குழுவினர் எவருடைய பெயரும் இல்லை. பொறுப்பாளர் விதியை எடுத்துக் காட்டினார். பணியாளர் என்றே அதில் எழுதியிருக்கிறது. சம்பளம் பெறாதவர் பணியாளர் ஆகார். அவர் சொன்னது தவறன்று. சனிக்கிழமைக் கதைசொல்லியின்மீது எவருக்கும் ஐயமில்லை. ஐயப்படக் காரணமும் இல்லை. ஆனால் மௌசியின்மீதும் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

இந்தச் சாய்வு அக்காப்பகம் கண்டுபிடித்ததன்று. 2017 செப்டம்பர் 8ஆம் நாள் குருகிராமில், ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அன்றே பள்ளிப் பேருந்தின் நடத்துநர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று காவல்துறை அறிவித்தது. நான்கு நாள் கழித்து மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. ஊழியர் அனைவரையும் காவல்துறை சரிபார்க்க வேண்டும்; ஓட்டுநர், நடத்துநர், கடைநிலை ஊழியர் ஆகியோர் விஷயத்தில் அதை மிகக் கவனமாகவும் விரிவாகவும் செய்ய வேண்டும் என்றது அது. நவம்பரில் வழக்கை ஏற்றிருந்த சிபிஐ, அப்பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் குற்றஞ்சாட்டிப் பிடித்தது. நடத்துநர் 2018 பிப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று தெளிந்த பின்னும், அவரைப் போன்றவர்களை ‘மிகக் கவனமாக’ப் பார்க்கும் பழக்கம் மட்டும் நாட்டில் தங்கிவிட்டது.

ஆகஸ்ட் இறுதியில் மௌசியின் படிவத்துக்கு விடை வந்தது. தும்காவின் ஒரு காவல் நிலையத்தில் அப்பெயரில் வழக்கொன்று இருப்பதாக ஒற்றை வரி. வழக்கு எண்ணும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 147, 323 என்ற இரு பிரிவுகளும் குறிக்கப்பட்டிருந்தன. முன்னது கலகம், பின்னது காயம் விளைவித்தல். ஊர்ச்சண்டைகளில் வழக்கமாக எழுதப்படும் பிரிவுகள். குழந்தைகளோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. வழக்கு என்னவாயிற்று, தண்டனையா விடுதலையா என்ற குறிப்பும் இல்லை. பொறுப்பாளர் கனிவோடுதான் பேசினார். “தெளிவாகும் வரை வீட்டில் இருங்கள். என் கையில் ஒன்றுமில்லை.” மௌசி வழக்கம்போல் மேசைகளைத் துடைத்து, நீலக் குவளைகளைக் கவிழ்த்து வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மாணவி அன்றிரவு உறங்கவில்லை. பிரிவு எண்களின் பொருள் அவருக்குத் தெரியும். எழுத்து வடிவங்களின் குழப்பம் இன்னும் நன்றாகத் தெரியும். இருந்தும் மனம் வேறு எதையோ தேடத் தொடங்கியது. போன மாதம் ஒருநாள் மகள் காப்பகத்துக்குப் போகமாட்டேன் என்று அழுதது ஏன்? முழங்கையில் இருந்த கீறல்? குளிக்க வைக்கும்போது ஒருமுறை நெளிந்தாளே? அழுததற்குக் காரணம் காய்ச்சல். கீறல் சறுக்குமரத்தில் பட்டது. நெளிந்தது குளிர்ந்த நீருக்கு. ஒவ்வொன்றின் காரணமும் நிகழ்ந்தபோதே தெரிந்திருந்தது. பெரும்பாலானவற்றை அவரிடம் சொன்னவரே மௌசிதான். ஆனாலும் விடியும் வரை அவர் உறங்கும் குழந்தையின் உடலைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டு நடத்தையை ஒற்றை வரிச் சரித்திரம் ஓர் இரவுக்குள் தின்றுவிட்டது. அதைத் தின்னக் கொடுத்த கை தன்னுடையதும்தான் என்பதை அவர் பின்னாளில் நெருங்கிய தோழியரிடம் மட்டுமே சொன்னார்.

காவல்துறையின் ஏட்டுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்பது தமிழருக்குத் தெரியாத கதையன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம், பிறப்பையே குற்றமாக ஏட்டில் ஏற்றியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் அது விரிந்தபோது மக்கள் அதற்கிட்ட பெயர் கைரேகைச் சட்டம். 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடு முழுவதும் அச்சட்டம் 1952இல் நீங்கிய பின்னரும் ஏடுகள் நீங்கவில்லை. ‘சரித்திரப் பதிவேடு’ என்ற சொல்லாட்சியைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் இன்றும் வழங்குகின்றன. அங்கே சரித்திரம் என்றாலே குற்றச் சரித்திரம்தான். நலிந்த சமூகங்களைச் சேர்ந்த நிரபராதிகளின் பெயர்கள் இத்தகைய ஏடுகளில் இயந்திரத்தனமாக ஏற்றப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்திலும் சொல்லவேண்டியிருந்தது.

மௌசி தும்காவுக்குப் போய்வரப் பன்னிரண்டு நாளாயிற்று. வழக்கில் இருந்தவர் பக்கத்து வட்டாரத்தைச் சேர்ந்த வேறொரு பெண். முன்பெயர் ஒன்று, குடிப்பெயரும், எழுத்து வடிவங்களுள் ஒன்றின்படி, ஒன்று. தந்தையின் பெயர் மட்டும் வேறு. படிவத்தில் தந்தை பெயருக்கென்று தனிக் கட்டம் இருந்தது. மாணவி அதைத் தெளிவாக நிரப்பியும் இருந்தார். பார்ப்பவர் பார்க்கவில்லை, அவ்வளவே. ‘பாதகமான பதிவு ஏதுமில்லை’ என்ற புதிய தாளுடன் மௌசி திரும்பி வந்து வேலையில் சேர்ந்தது இருபத்தாறாம் நாள். அந்த நாட்களின் ஊதியத்தைத் தர விதியில் இடமில்லை என்றது அலுவலகம்.

பெயரின் நெகிழ்ச்சி நிரபராதியைச் சிக்கவைப்பது ஒரு முகம் என்றால், குற்றவாளியைத் தப்பவிடுவது மற்றொரு முகம். இங்கிலாந்தில் சோகம் என்னும் சிற்றூரில், 2002 ஆகஸ்டில், பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர் உள்ளூர்ப் பள்ளியொன்றின் காப்பாளர். முன்பு வாழ்ந்த பகுதியில் அவர்மீது பாலியல் புகார்கள் பல எழுந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை, பதிவுகளும் முறையாகப் பேணப்படவில்லை. வேலைக்குச் சேரும்போது வேறு பெயரைப் பயன்படுத்தினார். காவல்துறைத் தேடல் அந்தப் புதிய பெயரில் மட்டுமே நடந்தது. இவற்றை ஆராய்ந்த பிச்சர்டு விசாரணையின் அறிக்கை 2004இல் வெளிவந்தது. அதையொட்டி அந்நாட்டின் சரிபார்ப்பு முறையே மாற்றி அமைக்கப்பட்டது. இன்று அங்கே குழந்தைகளோடு பணியாற்றும் தன்னார்வலர்களும் அதன் எல்லைக்குள் வருகின்றனர். அவர்களிடம் கட்டணமும் பெறுவதில்லை. சம்பளம் வாங்குகிறாரா என்பதைவிடக் குழந்தையின் அருகில் இருக்கிறாரா என்பதே அங்கே கேள்வி.

இந்தியாவிலும் ஏடுகள் இணைந்துவருகின்றன. காவல் நிலையங்களைக் கணினியால் பிணைக்கும் திட்டம் 2009இல் ஒப்புதல் பெற்றது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. தண்டனை பெற்றவர்களின் விவரம் கொண்ட அதைக் காவல் முகமைகள் மட்டுமே பார்க்க இயலும். இவை வேண்டியவைதாம். முன்பு தண்டிக்கப்பட்ட ஒருவர் மாநிலம் மாறி மற்றொரு பள்ளியில் நுழைவதை இவற்றால் தடுக்க முடியும். ஆனால் ஒருபோதும் பிடிபடாதவரைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரியும் இராது. போக்சோவின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில், குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவராக இருப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டைவீட்டார், குடும்ப நண்பர். அவர்களிடம் யாரும் படிவம் கேட்பதில்லை.

எனவே தாளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதே அடுத்துக் கூடிய பெற்றோர் கூட்டத்தில் மாணவி எழுப்பிய கேள்வி. உறங்கும் அறையின் கதவில் கண்ணாடி இல்லை. மதியவேளையில் ஒரே ஒரு பெரியவர் பன்னிரண்டு குழந்தைகளோடு தனித்திருக்கிறார். குற்றம் நிகழ்ந்ததாகவோ நிகழக்கூடும் என்றோ அறிந்தால் தெரிவித்தாக வேண்டும் என்று போக்சோவின் 19ஆம் பிரிவு சொல்வதும், தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு என்பதும் அங்கிருந்தோரில் பலருக்குப் புதிய செய்தி. குழந்தை சொல்வதற்கு முதலில் அதற்குச் சொற்கள் வேண்டும். உடலின் எந்த உறுப்புக்கும் கூச்சமில்லாத பெயரொன்றைப் பெரும்பாலான வீடுகள் கற்றுத் தருவதில்லை. தன் மகளுக்கு அச்சொற்களைக் கற்றுத் தந்தவர் மௌசிதான் என்று மாணவி சொன்னார். குளிக்க வைக்கும்போது, தொடுவதற்கு முன் பெயர் சொல்லி, “துடைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டே துடைப்பது அவர் வழக்கம். எந்தப் பயிற்சியும் பெறாமல் ஒன்பது ஆண்டுகளாக அவர் அப்படிக் கேட்டுவந்திருக்கிறார்.

கூட்டத்தின் முன் நான்கு கோரிக்கைகளை அவர் வைத்தார். கதவுக்குக் கண்ணாடி, எப்போதும் இரு பெரியவர், குழந்தைகளோடு பழகும் தன்னார்வலர், குழுவினர் அனைவருக்கும் சரிபார்ப்பு, பெயர்ப்பொருத்தத்தால் ஐயம் எழுந்தால், தெளியும் வரை மற்றொருவரின் பார்வையில் ஊதியத்தோடு பணி. முதலிரண்டுக்கும் எதிர்ப்பில்லை. மூன்றாவதில் அவை அமைதியானது. மூத்த பேராசிரியர் ஒருவர், “நாமெல்லாம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அம்மா. நம்மை நாமே காவல் நிலையத்துக்கு அனுப்பிக்கொள்வது அவமானமாக இராதா?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புண்பட்டிருந்தார். “இருக்கும், ஐயா. மௌசிக்கும் இருந்தது” என்றார் மாணவி. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்த மௌசி உள்ளே வரத் தயங்கினார்.

கதவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. மதியவேளைக்கு இரண்டாமவர் வந்துவிட்டார். சனிக்கிழமைக் கதைசொல்லி மறுநாளே தன் படிவத்தைக் கொடுத்தார். குழுவினருள் நால்வர் கொடுத்தனர். மற்றவர் இன்னும் யோசித்துவருகின்றனர். நான்காம் கோரிக்கையும் இருபத்தாறு நாள் ஊதியமும் நிதிப்பிரிவின் கோப்பொன்றில் இருக்கின்றன.

பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நாட்களில் மாணவியும் துணைக்குப் போவதுண்டு. எனவே அவரும் தன்னார்வலரே. அதே வேப்பமரத்தடியில் அமர்ந்து தமது படிவத்தை நிரப்பினார். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் எழுத அவரிடம் எதுவுமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. கடவுச்சீட்டில் அது விரிந்து பின்னால் நிற்கிறது. பட்டச் சான்றிதழில் சுருங்கி முன்னால் நிற்கிறது. ‘உர்ஃப்’ கட்டத்தில் சற்றே தயங்கி, வீட்டில் அழைக்கும் பெயரை எழுதினார். அருகில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மௌசி எட்டிப் பார்த்தார்.

“உன் தாணா எங்கே?”

“திருவாரூர்ப் பக்கம், மௌசி.”

“அங்கே உன்னைத் தெரியுமா?”

“தெரியாது.”

“தும்காவிலும் அப்படித்தான்” என்றார் மௌசி. உள்ளேயிருந்து ஒரு குழந்தை அவரை அழைத்தது. பட்டாணிக் கிண்ணத்தை மாணவியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.